இரண்டாவது அடுப்பு

எங்கள் தொழிற்சாலையில் துணி வெட்டும் பிரிவைப் பார்த்துக்கொண்டவரை எல்லாரும் கத்திரியக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவசரத்தில் கூப்பிட்டால் அது கத்திரிக்கா ஆகிவிடும். புதிதாகச் சேர்ந்த பெண்கள் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, அவர் திரும்பிப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொள்வார்கள். அவருக்கு அதில் வருத்தமே கிடையாது. "வதக்கித் தின்னாம இருந்தாச் சரி" என்று சொல்லிவிட்டு மறுபடியும் துணியைக் குனிந்து பார்ப்பார்.

கட்டிங் மாஸ்டர் வேலைக்குப் பெண்கள் வருவது அபூர்வம். துணியை ஒரு சாண் உயரத்துக்கு அடுக்கி, கோடு போட்ட தாளை அதன் மேல் விரித்து, மின்சாரக் கத்தியை ஓட்டும் வேலை அது. கை ஒரு நூல் விலகினால் அத்தனை சட்டைக்கும் தோள்பட்டை கோணிப்போகும். இன்னும் கொஞ்சம் விலகினால் விரல் போய்விடும். இடது கையில் இரும்பு வலைக் கையுறையோடு, கீழுதட்டை ஒரு ஓரமாகக் கடித்துக்கொண்டு அவர் வெட்டுவதை, பொத்தான் தைக்கும் பிரிவிலிருந்து நான் வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். அவர் 'இந்தத் துணி இன்னிக்கு வேணாம்' என்றால் மேனேஜர்கூட எதிர்த்துப் பேச மாட்டார்.

அப்படிப்பட்டவருக்கு வீட்டில் ஒரு கரண்டிகூடச் சொந்தம் இல்லை என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

சின்ன வயதிலேயே கல்யாணம் செய்துவைத்தார்கள். கட்டியவன் கை நீட்டுகிற ஆள். ஒரு நாள் காலையில் ஒரே ஒரு பையோடு அந்த வீட்டைவிட்டு இறங்கி, பஸ் பிடித்து அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். போய்ச் சமாதானமாக இரு என்று ஊரே சொன்னது. முடியாது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அண்ணன் கதவைத் திறந்து உள்ளே விட்டார், அதை மறைத்துச் சொல்லக் கூடாது. பின்பக்கம் ஓர் அறையும் கொடுத்தார். அந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும்.

சமையலறை அண்ணியுடையது. அக்கா ஒரு மூடியைத் திறந்து பார்த்தால் அண்ணி வந்து அதை மறுபடி மூடிவைப்பார். ஒரு முறை அண்ணி காய்ச்சலில் படுத்திருந்தபோது அக்கா எல்லாருக்கும் சமைத்துப் போட்டிருக்கிறார். காய்ச்சல் விட்டதும் அண்ணி செய்த முதல் வேலை, கழுவிவைத்த பாத்திரங்களையெல்லாம் இறக்கித் திரும்பக் கழுவியதுதான். அதற்குப் பிறகு அக்கா அந்த வாசலைத் தாண்டவில்லை. தட்டில் என்ன விழுகிறதோ அதைச் சாப்பிட்டார். காலையில் மட்டும் கடை பிரெட். பஞ்சை மெல்லுகிற மாதிரி இருக்கிறது என்று எங்களிடம் சொல்வாரே தவிர, வீட்டில் வாய் திறந்ததில்லை.

ரொம்ப வருஷம் வேலை செய்தவர்களுக்கு ஒரு முறை நிர்வாகம் பரிசு கொடுத்தது. மேனேஜர் அறையில் சாமான்களைப் பரப்பிவைத்து, ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, மின்விசிறி என்று எல்லாரும் முண்டியடித்தோம். மூலையில் ஒரு பிரெட் மெஷின் கேட்பாரற்றுக் கிடந்தது. மாவு, தண்ணீர், ஈஸ்ட் எல்லாவற்றையும் கொட்டிப் பொத்தானை அமுக்கினால் தானே பிசைந்து, தானே பொங்கவிட்டு, தானே சுட்டுத் தரும் பெட்டி. அக்கா நேராகப் போய் அதைத்தான் தூக்கினார். எனக்கு மனசு கேட்கவில்லை.

"அக்கா, ஒங்களுக்குச் சமையல்கட்டே கெடையாதே. இத வச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"அதனாலதான் எடுக்கறேன். இதுக்குச் சமையல்கட்டு வேணாம். ஒரு பிளக் பாயின்ட் போதும்."

அந்தப் பெட்டி வீட்டுக்குள் நுழைந்த அன்றே அண்ணி முகம் சுளித்தாராம். ஒரு வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தால் குடும்பம் இரண்டாகும் என்றாராம். இதில் எதுவும் எரியாது அண்ணி, இது வெறும் பெட்டி என்று சொல்லிவிட்டு அக்கா அதைத் தன் அறை மேசையில் வைத்துக்கொண்டார்.

முதல் ரொட்டி செங்கல்லாக வந்தது. அண்ணன் அதை விரல் முட்டியால் தட்டி, "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார். அண்ணி வெகுநேரம் சிரித்தார். அக்கா அதை ஒரு துணியில் சுற்றி மறுநாள் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தார். எறிய மனசில்லை. நாங்கள் டீயில் ஊறப்போட்டுத் தின்றோம். அப்படியும் பொத்தான் பிரிவில் ஒருத்திக்குப் பல் ஆடிப்போனது.

அடுத்தது மூடி முட்டப் பொங்கி, சுடும்போது நடுவில் குழிந்து, மழைக்கு இடிந்த சுவர் மாதிரி வந்தது. அதற்கடுத்தது மேலே வெந்து உள்ளே களியாக இருந்தது. அக்காவின் பிடி உடும்புப் பிடி. தினமும் வேலைவிட்டுப் போய் ஒரு ரொட்டி போட்டார். கையால் பிசையாத மாவு கல்லாகத்தான் ஆகும், அதற்கெல்லாம் ஒரு கைராசி வேண்டும் என்று அண்ணி அறை வாசலில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். அக்கா ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தார்.

முதலில் ஈஸ்ட்டில் கைவைத்தார். கடையில் வெயில் படும் தட்டில் கிடந்த பாக்கெட்டை வாங்கியதுதான் முதல் தப்பு. வெதுவெதுப்பான தண்ணீரில் துளி சர்க்கரையோடு போட்டால் உயிருள்ள ஈஸ்ட் கொஞ்ச நேரத்தில் நுரைக்கும். அந்தப் பாக்கெட்டில் இருந்ததோ சேறு மாதிரி அடியில் படுத்துக்கொண்டது. புதிதாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, தொழிற்சாலை கேன்டீன் ஃபிரிட்ஜில் வைத்தார். அண்ணியின் ஃபிரிட்ஜில் வைக்க அவர் கேட்கவே இல்லை. கைபொறுக்காத சூட்டில் தண்ணீர் ஊற்றியதுகூட ஈஸ்ட்டைக் கொன்றிருக்கிறது என்று புரிந்தது. ஒன்றோடொன்று படாமல் உப்பை ஒரு மூலையிலும் ஈஸ்ட்டை மாவின் மேல் சின்னக் குழியிலும் போட்டார். கப்பால் அளந்தால் அமுக்கி அள்ளிய மாவு ஒரு கணக்கு, தளர அள்ளிய மாவு வேறு கணக்கு என்று சின்னத் தராசு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்.

அப்படியும் ஒரு நாள் நன்றாக வரும், மறுநாள் கவிழ்த்துவிடும். அளவு அதே அளவு, மாவும் அதே மாவு. மழை பிடித்த வாரத்தில் எல்லா ரொட்டியும் தலை சாய்ந்தது. அப்போதுதான் அவருக்கு எங்கள் துணி ஞாபகம் வந்திருக்கிறது. ஒரே ஆலையிலிருந்து வந்தாலும் ஒரு உருளைத் துணி சுருங்குகிற மாதிரி இன்னொன்று சுருங்காது. கை வைத்துப் பார்க்காமல் வெட்டக் கூடாது. மாவும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஈரக்காற்றில் கிடந்த மாவு ஏற்கெனவே தண்ணீர் குடித்திருக்கும், அதற்கு அளவுப்படி ஊற்றினால் தாங்காது.

கை வைத்துப் பார்ப்பதென்றால் மூடியைத் திறக்க வேண்டும். மெஷினோடு வந்த புத்தகம், ஓடும்போது திறக்கக் கூடாது என்று கொட்டை எழுத்தில் சொன்னது. அவர் அதைத் தொழிற்சாலைக்கு எடுத்துவந்தபோது நான் படித்துக் காட்டினேன்.

"தெறக்கவே கூடாதுன்னா மூடிக்கு எதுக்குக் கீல் வச்சிருக்கான்?" என்றார் அக்கா.

பிசைய ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் மெஷினை நிறுத்தித் திறந்தார். மாவு கூழாகச் சுவரில் ஈஷியிருந்தால் ஒரு கரண்டி மாவு தூவினார். தனித்தனிக் கட்டியாக உடைந்து மெஷின் முனகினால் ஒரு கரண்டி தண்ணீர் விட்டார். ஒரே உருண்டையாகத் திரண்டு, சுவரை விட்டு விலகி, தொட்டால் காதுமடல் மாதிரி இருந்தால் மூடிவிட்டார். மூடியதற்குப் பிறகு, பொங்கும்போதும் சுடும்போதும் திறக்கவில்லை. அந்த விஷயத்தில் புத்தகம் சொன்னது சரிதான். ஆசை தாங்காமல் சுடும்போது ஒரு முறை எட்டிப் பார்த்து, கண் முன்னாலேயே ரொட்டி அமுங்கியதை அவர் பார்த்தாகிவிட்டது.

இன்னொரு தொல்லை, பிசையும் பிளேடு. சின்னது, கட்டைவிரல் நீளம்தான். சுட்டு முடித்ததும் ரொட்டிக்குள்ளேயே சிக்கிக்கொண்டு கூடவே வந்துவிடும். ரொட்டியைக் கவிழ்த்து மரக்கரண்டிக் காம்பால் நெம்பி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரொட்டியோடு பிளேடையும் யாருக்காவது கொடுத்துவிட்டு நிற்க வேண்டியதுதான். சுட்டதும் பாத்திரத்திலேயே விட்டுவைத்தால் வேர்த்து அடி நமுத்துப்போகும் என்பதால், சத்தம் கேட்ட உடனே எடுத்துக் கம்பித் தட்டில் வைத்தார். சூடாக வெட்டினால் கத்தியில் களியாக ஒட்டியது. ஆறும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஒரு நாள் ரொட்டி சரியாக வந்தது. மேலே பழுப்பு, பக்கமெல்லாம் நேர், வெட்டினால் பொடி உதிரவில்லை, அமுக்கினால் மெல்ல எழும்பியது. அக்கா அதைத் துண்டு போட்டு, எல்லாரும் சாப்பிடும் மேசையில் கொண்டுபோய் வைத்தார். அண்ணன் ஒரு துண்டு தின்றார். இன்னொன்று எடுத்தார். அண்ணி தொடவில்லை. கடையில் வாங்கினால் இதைவிட மெத்தென்று இருக்கும் என்று மட்டும் சொன்னார். மூன்றாவது துண்டை எடுத்த அண்ணன் அதைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டார்.

அதன் பிறகு அக்கா படுக்கப்போகும் முன் எல்லாம் போட்டுவைத்து, விடியும்போது ரெடியாகிற மாதிரி டைமரை வைக்க ஆரம்பித்தார். பிசையும் நேரத்துக்கு மட்டும் எழுந்து மூடியைத் திறந்து பார்த்துக்கொள்வார். காலையில் வாசனை தெருவரைக்கும் போனது. அக்கம்பக்கத்துப் பெண்கள் அண்ணியை நிறுத்தி, 'என்ன, தினமும் பிரெட் சுடறீங்களா, எப்படிச் செய்யறீங்க?' என்று கேட்டார்கள். என் நாத்தனார் செய்கிறாள் என்று சொல்ல வேண்டிய நிலைமை வந்தது. அதுதான் அண்ணிக்குத் தொண்டையில் மாட்டிய முள்.

ஒரு நாள் அக்கா வேலைவிட்டுப் போனபோது மேசை காலியாக இருந்தது. பெட்டி இருந்த இடத்தில் சதுரமாக ஒரு தடம். தன் தங்கை கேட்டாள், கொடுத்துவிட்டேன் என்றார் அண்ணி. வீட்டைப் பேக்கரி ஆக்கியது போதும் என்றும் சொன்னார். அண்ணன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தினமும் சண்டை வேண்டாம் என்று நான்தான் சரி சொன்னேன் என்றார். சண்டை எங்கே நடந்தது என்று அக்காவுக்கு விளங்கவில்லை. அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லையே.

விடுமுறை நாள் காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அண்ணியின் தங்கை வீட்டுக்குப் போகிறேன், கூட வா என்றார்.

நாங்கள் சண்டைக்குத் தயாராகப் போனோம். அந்தப் பெண்ணோ எங்களைக் கண்டதும் கும்பிடாத குறையாக உள்ளே கூப்பிட்டாள். இரண்டு முறை போட்டுப் பார்த்தாளாம். ஒன்று பொங்கி வழிந்து உள்ளேயே கருகியதாம், மற்றது கல்லாம். "எடுத்துட்டுப் போங்க, மொதல்ல இத எடுத்துட்டுப் போங்க" என்று அவளே பெட்டியைத் தூக்கிக் கொடுத்தாள். அக்கா மூடியைத் திறந்து பாத்திரத்துக்குள் கையை விட்டார். முகம் மாறியது.

"பிளேடு எங்க?"

பிளேடு என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. அது ரொட்டிக்குள் இருந்தது. ரொட்டி, கீழே குடியிருப்புக்காரர்கள் எல்லாருக்கும் பொதுவான குப்பைத் தொட்டியில் இருந்தது.

அக்கா படியிறங்கிப் போய்ப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் குனிந்தார். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு பைகளை வாங்கி வாங்கி ஓரமாக வைத்தேன். பால்கனிகளில் தலைகள் முளைத்தன. அண்ணியின் தங்கை பின்னாலேயே ஓடிவந்து, விட்டுவிடுங்கள், மானம் போகிறது, வேறு வாங்கித் தருகிறேன் என்று கெஞ்சினாள்.

"என் பொருளக் கேக்காமத் தூக்கிக் குடுத்தாங்க. அது குப்பையில கெடக்கு. இதுல மானம் யாருக்குப் போகணும், சொல்லு" என்றார் அக்கா. தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

அடியில் அந்தக் கல் கிடந்தது. தொட்டி விளிம்பில் ஓங்கி அடித்துப் பிளந்தார். பிளேடு உள்ளே பத்திரமாக இருந்தது. தெருக்குழாயில் அதைத் தேய்த்துக் கழுவி, முந்தானையில் முடிந்துகொண்டார்.

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் வீட்டு நிறுத்தம் வருவதற்கு முன்னாலேயே இறங்கு என்றார். சைக்கிள் ரிப்பேர்க் கடைக்கு மேலே ஓர் அறை, வாடகைக்கு என்று பலகை தொங்கியது. அந்தப் பலகையைத் தினமும் பஸ்ஸிலிருந்து பார்த்துக்கொண்டு போயிருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. சைக்கிள் கடைக்காரர்தான் சொந்தக்காரர். அறையில் பிளக் பாயின்ட் எத்தனை என்று மட்டும் அக்கா கேட்டார். பிறகு பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு, துணிமணி எடுக்க அண்ணன் வீட்டுக்குப் போனோம்.

அவர் பையில் துணிகளை அடுக்கும்போது அண்ணன் வந்து வாசலில் நின்றார்.

"ஒரு பொட்டிக்காக வீட்ட விட்டுப் போறியா?"

"பொட்டிக்காக இல்லண்ணே. கேக்காம எடுத்தீங்கல்ல, அதுக்காக."

"இந்த வயசுல தனியா என்ன பண்ணுவ?"

"சின்ன வயசுலயே தனியா பஸ் ஏறி வந்தவதானே. இப்ப வழி நல்லாவே தெரியும்."

அண்ணி உள்ளே பாத்திரங்களை உருட்டினார். போனவர்கள் திரும்பி வந்தால் கதவு திறக்காது என்று சுவரிடம் சொல்கிற மாதிரி சொன்னார். அக்கா சமையலறை வாசல்வரை போனார், படியில் கால் வைக்கவில்லை. "இத்தன வருஷம் சோறு போட்டீங்க அண்ணி, அத மறக்க மாட்டேன். திரும்பி வர மாட்டேன்" என்றார். நாங்கள் தெருமுனைக்கு வந்தபோது அண்ணன் பின்னால் ஓடிவந்தார். கையில் அக்காவின் தலையணை. விட்டுவிட்டுப் போகிறாயே என்றார். அக்கா அதை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

அந்த அறை மாளிகை ஒன்றும் இல்லை. கீழே சுத்தியல் சத்தம், சுவரில் ஈரம், மேசைக்கு ஒரு கால் கட்டை. மெஷின் பிசையும்போது அதிர்ந்து அதிர்ந்து மேசை விளிம்புக்கு நடந்து வந்தது. முதல் நாளே விழப்போனதை அக்கா வயிற்றால் தடுத்திருக்கிறார். சைக்கிள் கடைக்காரர் பழைய டியூப்பை வெட்டிக் கொடுத்தார், அதை அடியில் போட்டதும் நின்றது. மின்சாரமும் அங்கே சொல்லாமல் போகும். ஒரு நாள் மாவு நன்றாகப் பொங்கி நிற்கும்போது போய்விட்டது. அக்கா அதைக் கனமான பாத்திரத்தில் மாற்றி, மூடி, புதிதாக வாங்கிய அடுப்பில் தணலைக் குறைத்து வைத்துச் சுட்டார். அடி கொஞ்சம் கருகியது. கருகியதைச் சுரண்டிவிட்டு நாங்கள் எல்லாரும் தின்றோம்.

பேச்சும் கிளம்பாமல் இல்லை. அண்ணனை உதறிவிட்டு வந்தவள் என்று தொழிற்சாலையிலேயே இரண்டு பேர் சொன்னார்கள். அக்கா அவர்களுக்கும் ஒரு துண்டு கொண்டுவந்து கொடுத்தார், தின்றுகொண்டே பேசுங்கள் என்றார்.

மாதங்கள் போன பிறகு ஒரு மாலையில் அண்ணன் அந்த மாடிப்படி ஏறி வந்தார். நானும் அப்போது அங்கே இருந்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அக்கா ரொட்டியும் டீயும் வைத்தார். மூன்றாவது துண்டையும் அவர் தின்றார், நான்காவதையும் தின்றார். அப்புறம் மெல்ல விஷயத்துக்கு வந்தார். அண்ணியே கடைக்குப் போய் ஒரு மெஷின் வாங்கிவிட்டாராம். ஒன்றும் சரியாக வரவில்லையாம். நீ ஒரு நடை வந்து காட்டிக்கொடுத்தால் என்ன என்றார்.

"நான் வர மாட்டேன். அண்ணிய இங்க வரச் சொல்லுங்க, காட்டித் தரேன். மாவு அவங்க கொண்டு வரட்டும்" என்றார் அக்கா.

அண்ணி இன்றுவரை வரவில்லை. அண்ணன் மட்டும் வருகிறார், தின்கிறார், போகிறார். எப்படிச் செய்வது என்று கேட்டுக்கொண்டு போய் வீட்டில் சொல்கிறார் போலிருக்கிறது. ஏனென்றால் ஒரு தடவை, காதுமடல் என்றாயே, மேல்மடலா கீழ்மடலா என்று கேட்டார். அக்கா சிரிக்காமல் கீழ்மடல் என்று பதில் சொன்னார்.

இப்போது அவர் மைதாவை விட்டுவிட்டு முழுக் கோதுமை மாவில் இறங்கியிருக்கிறார். அது கனத்த மாவு, சீக்கிரம் எழும்பாது, தண்ணீரும் அதிகம் கேட்கிறது. போன வாரம் போட்டது பாதிதான் எழும்பியது. நன்றாக வருவதை விட்டுவிட்டு எதற்கு இந்த வேண்டாத வேலை என்று கேட்டேன். ஒரு துண்டை வெட்டி என் கையில் கொடுத்து, பேசாமல் தின்னு என்றார். கனமாகத்தான் இருந்தது. நான் மென்றுகொண்டிருக்கும்போதே அவர் தராசில் அடுத்த மாவைக் கொட்டிவிட்டார்.